காரைக்குடியில் தண்டுவடக் காயத்துக்கான இயன்முறை சிகிச்சை: பத்து மாத அனுபவம்

பழைய வீடொன்றில் ஓடு மாற்றும்போது தவறி விழுந்த என் தம்பிக்கு முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய பிறகு, தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைந்தோம். கடந்த பத்து மாதங்களாக வாரம் மூன்று நாள், காரைக்குடியில் எலும்பு மருத்துவமனை ஒன்றை ஒட்டியுள்ள சிறிய இயன்முறை சிகிச்சைக் கூடத்துக்குப் போய்வருகிறோம். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் மூட்டுவலிக்காரர்களும் பக்கவாதம் வந்தவர்களும்தான். தண்டுவடக் காயத்துக்கென்றே அமையாத அத்தகைய இடத்தை நம்பலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு மாதம் பார்த்தோம். எல்லோருக்கும் செய்வதைப் போல இவனுக்கும் கரண்ட் வைத்து, இடுப்புக்கு அடியில் ஹாட் பேக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். சூடு தெரியாத தோலுக்கு ஒத்தடம் ஆகாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மாலையில் கைலி மாற்றும்போது பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அது ஆறிய ஏழு வாரமும் அவன் குப்புறப் படுத்தே கிடந்தான்.

இப்போதைய சிகிச்சையாளர் முதல் நாளே, "தம்பி, உங்களைப் போல வருசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேரைத்தான் நான் பார்க்கிறேன். தெரியாததைக் கேட்டுத்தான் செய்வேன், பரவாயில்லையா?" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது அந்தக் கேள்வியால்தான். டிஸ்சார்ஜ் சம்மரியை வரி விடாமல் படித்து, வேலூரில் தம்பிக்குப் பயிற்சி கொடுத்தவரோடு கைப்பேசியில் பேசிய பிறகே அவன்மேல் கை வைத்தார். நடக்க வைத்துவிடுவேன் என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை.

ஒவ்வொரு நாளும் பயிற்சிக்கு முன், வால் எலும்புப் பக்கத்தையும் பிட்டத்தையும் குதிகாலையும் கைக்கண்ணாடியில் அவனையே பார்க்கச் சொல்கிறார். எங்காவது சிவந்திருந்தால் அன்று உட்கார்ந்து செய்யும் பயிற்சி கிடையாது. சக்கர நாற்காலியில் இருக்கும்போது கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கையை ஊன்றி உடலைத் தூக்க வேண்டும். அவன் மறந்தால், முழங்கால் வலிக்காக வரும் ஆச்சி ஒருவர், "நேரமாச்சு தம்பி, தூக்குப்பா" என்று நினைவூட்டுகிறார். நடமாட்டமில்லாத கால்களில் எலும்பு மெலிந்துபோவதால், வேகமாக மடக்கினால் முறிந்துவிடக்கூடும் என்று சொல்லி, சிகிச்சையாளர் கால்களை மிக மெதுவாகவே அசைக்கிறார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர உதவும் பலகை அங்கே இல்லை. அளவு எழுதிக் கொடுத்தார்; எங்கள் ஊர் ஆசாரி பழைய தேக்கை இழைத்து, ஓரங்களை மழுக்கி, இரண்டே நாளில் செய்து தந்தார். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

நான் எதிர்பாராதது, சிகிச்சையாளர் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்தது. ஆத்தங்குடிக் கல் தளத்தில் நாற்காலி தடையில்லாமல் உருண்டு போகும். ஆனால் முகப்பில் மூன்று படி, ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, முகப்பை விட்டுவிட்டு, அடுத்த தெருவில் திறக்கும் அடுப்படிப் பக்கக் கொல்லை வாசலைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரே படிதான். எட்டு மாதத்துக்குப் பிறகு தம்பி யார் துணையும் இல்லாமல் தெருவுக்குப் போனது அந்த வழியாகத்தான்.

அந்தக் கூடத்தில் குறைகளும் உண்டு. கழிப்பறைக் கதவு வழியே நாற்காலி நுழையாது. சிகிச்சைக் கட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாதது. முழங்காலுக்கு வருபவருக்கும் இவனுக்கும் ஒரே முக்கால் மணி நேரம்தான். உடை மாற்றி நகர்வதற்கே அதில் பாதி போய்விடும். சிறுநீர்க் குழாய் செருகும் பழக்கத்தையும் மலம் கழிக்கும் ஒழுங்கையும் இங்கே கற்றுத்தர ஆள் இல்லை. அவற்றை பாகாயத்திலோ, தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் அமர் சேவா சங்கத்திலோ கற்றுக்கொண்டு வருவதே சரி. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறி, தலைவலியும் வியர்வையும் வரலாம். அத்தகையவர்கள் முதலில் சிறப்பு நிலையத்தில் தங்கிப் பயிற்சி பெற வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் சிகிச்சையாளரும் அதையேதான் சொல்கிறார்.

ஒரு முறைக்கு 400 ரூபாய். போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் சொந்தச் சக்கர நாற்காலிக் குஷனையும் எடுத்துச் செல்லுங்கள். கூட்டம் குறைவான பிற்பகல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.