ஆன்டிபயாடிக்குக்குப் பதில் தாது உப்பு: துத்தநாகமா, மயில்துத்தமா, களிமண்ணா?

கால்நடையின் எடையைக் கூட்டத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அடியோடு நிறுத்தியது. அந்த இடத்தைப் பிடிக்கத் தாது உப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

பலனை மட்டும் பார்த்தால் துத்தநாக ஆக்சைடுதான் முன்னால் நிற்கும். பால் மறக்கடித்த பன்றிக்குட்டிக்கு முதல் இரண்டு வாரம் கண்டம். தாய்ப்பாலோடு வந்த எதிர்ப்புச் சக்தி நின்றுவிடும். வயிற்றில் போதுமான அமிலமும் ஊறாது. செரிக்காத புரதம் குடலுக்குப் போக, ஈ.கோலை என்ற குடல் கிருமி பெருகி, குட்டி தண்ணீராகக் கழிந்து வாடிவிடும். கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் சேர்த்தால் இது நன்றாகவே கட்டுப்படுகிறது. ஆனால் குட்டியின் உடம்புக்குத் தேவை 100 மில்லிகிராம் அளவுதான். அப்படியென்றால் இது சத்து இல்லை, மருந்து. மிச்சமெல்லாம் சாணத்தில் வெளியேறி மண்ணில் தேங்குகிறது. அதைவிடப் பெரிய தலைவலி, துத்தநாகத்தைத் தாங்கும் சில ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்கையும் தாங்குகின்றன. இரண்டுக்குமான மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுண்டு. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் எந்த வம்பு வேண்டாமென்று ஆன்டிபயாடிக்கை விட்டோமோ, அதே வம்பு! 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்து அளவையும் தடை செய்துவிட்டது.

மயில்துத்தம், அதாவது தாமிர சல்பேட், கதையும் ஏறக்குறைய இதுதான். 125 முதல் 250 மில்லிகிராம் வரை தாமிரம் கொடுத்தால் பன்றி எடை போடும். சாணத்தோடு மண்ணில் தேங்கும் சிக்கலும், கிருமிகள் மருந்தைத் தாங்கும் சிக்கலும் கூடவே வரும். செம்மறி வளர்ப்பவர்கள் இந்தத் தீவனத்தைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. தாமிரம் வாரக்கணக்கில் ஈரலில் சத்தமில்லாமல் சேரும். அப்புறம் ஒருநாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, ஆடு விழுந்துவிடும்.

பென்டோனைட் என்ற களிமண், ஜியோலைட் என்ற கனிமம் போன்றவற்றைக் கிருமிக்கொல்லி என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சைப் பிடித்து வெளியேற்றுவதில் பென்டோனைட் கெட்டிக்காரன். எல்லாப் பூஞ்சை நச்சும் அதற்கு அடங்காது. தீவனத்தோடு கொடுக்கும் சில மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும். தானியம் காய்ந்து சுத்தமாக இருந்தால் இந்தச் செலவே வீண்.

அமினோ அமிலத்தோடு பிணைத்த கரிமத் தாதுக்கள் விலை கூடுதல். உடம்பில் நன்றாகச் சேர்வதால் குறைந்த அளவே போதும், சாணத்திலும் குறைவாகப் போகும். குறைபாடுள்ள மந்தையில் பலன் தெரியும். இல்லாத மந்தையில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். செலினியமும் இப்படித்தான், ஆனால் அளவு கொஞ்சம் தவறினாலே நஞ்சு.

என் ஓட்டு, தேவையான அளவில் கரிமத் தாதுக்களுக்கு. பூஞ்சைச் சந்தேகம் இருக்கும் பருவத்தில் மட்டும் பென்டோனைட். கிருமித்தொற்று வந்துவிட்ட மாட்டுக்கோ கோழிக்கோ இவை எதுவும் சிகிச்சை ஆகாது. அங்கே கால்நடை மருத்துவர்தான் வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். துத்தநாக ஆக்சைடில் சுமார் 80 சதவீதம் துத்தநாகம். மயில்துத்தத்தில் தாமிரம் 25 சதவீதம்தான். மூட்டையில் போட்டிருப்பது உப்பின் எடையா, தாதுவின் எடையா என்று பாருங்கள். தீவனத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும் தாது உப்பையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.