குடியை விட்டவர்களுக்கு வீடு: சத்துவாச்சாரித் தெருவிலா, ஒடுகத்தூர்த் தோப்பிலா?

குடியிலிருந்து மீண்ட ஏழெட்டுப் பேர் சேர்ந்து தங்க வேலூரில் வீடு தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சத்துவாச்சாரியில், குடும்பங்கள் வாழும் தெருவில். மற்றொன்று ஒடுகத்தூர்ப் பக்கம், தோப்புக்கு நடுவே.

தோப்பு வீட்டில் வாடகை குறைவு, அக்கம்பக்கத்து முணுமுணுப்பும் இருக்காது. சரி, அதோடு அதன் பலம் முடிந்தது. வேலைக்கும், பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநலப் பிரிவுக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். தனிமையும் சும்மா இருப்பதும் பழைய பழக்கத்தைத் திரும்ப அழைத்துவரும்.

தெரு வீட்டில் எதிர்ப்பு வரலாம்: "இவர்கள் எங்கள் தெருவில் எதற்கு?" ஆனால் நம் நாட்டின் 2017 மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்புகளையும் கணக்கில் சேர்க்கிறது, 19ஆம் பிரிவு சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது. அமெரிக்காவில் எட்மண்ட்ஸ் நகரம், உறவல்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கக்கூடாது என்ற மண்டல விதியைக் காட்டி இப்படியொரு வீட்டை எதிர்த்தது. அந்த விதிக்கு, வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

டாஸ்மாக் கடைக்குப் பள்ளி, கோயிலிலிருந்து மாநகராட்சியில் 50 மீட்டர், கிராமப்புறத்தில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும். மீண்டவர்களின் வீட்டுக்கு அந்தக் காப்பு இல்லை. அதனால் முன்பணம் கொடுக்குமுன், பக்கத்தில் மதுக்கடை இருக்கிறதா என்று சுற்றுத் தெருக்களை நடந்து பார்க்கவேண்டும்.

என் தேர்வு சத்துவாச்சாரிதான். அங்கேயே சிகிச்சையும் தருவதென்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.