எஞ்சின் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் (drain) போல்ட்: காந்த போல்ட்டா, சாதா போல்ட்டா?

மார்த்தாண்டத்தில் ஆயில் மாற்றும்போது என் பைக்கின் காந்த போல்ட்டை, அதாவது நுனியில் காந்தம் பதித்த ட்ரெயின் போல்ட்டை, கழற்றிப் பார்த்தேன். நுனியில் கறுப்பு மை மாதிரி ஒரு பசை. விரலில் தேய்த்தால் வழுக்குகிறது, நறநறவென்று இல்லை. கியரும் எஞ்சினுக்குள் ஓடும் செயினும் தேய்ந்த இரும்புத் தூள் அது. இந்த அளவு இயல்புதான். மின்னும் சில்லு நகத்தில் தட்டுப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும். சாதா போல்ட் இந்தச் சேதியைச் சொல்லாது. எனக்கு இதுதான் பெரிய லாபம்.

ஆனால் காந்தம் இரும்பை மட்டுமே பிடிக்கும். அலுமினிய பிஸ்டன் துகள், பேரிங்கின் செம்பு, கரி, மண் எதுவும் அதில் ஒட்டாது. காரில் நல்ல காகித ஃபில்டர் இருக்கிறது. நேரத்துக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் சாதா போல்ட்டே போதும். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி பைக்கின் கதை வேறு. காகித ஃபில்டர் கிடையாது, கம்பி வலையும், ஆயிலைச் சுழற்றி அழுக்கை ஒதுக்கும் மையவிலக்கு ஃபில்டரும்தான். கிளட்ச், கியர், எஞ்சின் மூன்றுக்கும் ஒரே ஆயில். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் ஷீட் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் அடிக்கடி கியர் மாற்றி ஓட்டுகிறவருக்குக் காந்த போல்ட்டைத் தாராளமாகச் சொல்வேன்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும். எஞ்சின் ஆயில் 100ஐத் தொடும். அப்புறம், மரை. போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அளவு மாறிய போல்ட்டை முறுக்கி, என் எஞ்சினின் அலுமினிய உறையில் உள்ள மரையையே வழித்துவிட்டார்கள். எந்த போல்ட்டானாலும் புது வாஷர் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கே இறுக்குங்கள்.