கடலோர மொட்டை மாடியில் ஏழு ஆண்டு: சோலார் ஸ்டாண்டு தாங்கியதா?

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதைச் சுமக்கும் ஸ்டாண்டுக்குக் கொட்டேஷனில் ஒரே வரி: ‘ஜி.ஐ. ஸ்ட்ரக்சர்’, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் உள்ள வீடு என்றால் வம்பு அந்த வரியில்தான் தொடங்குகிறது.

இங்கே பேசுவது 330 வாட் பேனல் ஒன்பது, மொத்தம் சுமார் 3 கிலோவாட், சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்து அமைப்பு. தூண்கள் ஹாட் டிப். பேனலைத் தாங்கும் மேல் சி சேனல்கள் (‘C’ வடிவில் மடித்த தகட்டுச் சட்டங்கள்) பிரீ-கால்வனைஸ்டு. ஒரே மாடி, ஒரே உப்புக்காற்று என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இரண்டையும் கடையில் ‘ஜி.ஐ.’ என்றுதான் சொல்வார்கள். வித்தியாசம் எதை முதலில் செய்கிறார்கள் என்பதில். பிரீ-கால்வனைஸ்டில் தகட்டுக்கு முதலில் துத்தநாகம் பூசிவிட்டு, பிறகு வெட்டி, மடித்து, துளை போடுகிறார்கள். வெட்டிய ஓரமும் துளையின் உள்விளிம்பும் வெறும் இரும்பாக நிற்கும். ஹாட் டிப்பில் வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முழுப் பொருளையும் முக்கி எடுப்பார்கள்.

தடிமனைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவு. சந்தையில் அதிகம் கிடைக்கும் ‘120 ஜி.எஸ்.எம்.’ தகட்டில், சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் என்பது இரு பக்கமும் சேர்த்து. பக்கத்துக்கு எட்டரை மைக்ரான்கூட (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வராது. 3 முதல் 6 மி.மீ. இரும்பில் முறையான ஹாட் டிப் சராசரி 70 மைக்ரான், அதற்கு மேல் தடிமனானதில் 85. உலோகத்தைக் காற்று அரிக்கும் கடுமையைத் தரம் பிரிக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 வகைப்பாட்டில் சி5 என்னும் கடுமையான சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். மிச்சத்தை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

மாடியில் கண்டதும் அதேதான். இரண்டாம் ஆண்டில் சேனல் துளைகளைச் சுற்றிச் செந்துரு. நான்காம் ஆண்டில் உள்மடிப்பு முழுக்க. மழை கழுவும் மேற்பக்கத்தைவிட, பேனலுக்கு அடியில் நனையாத பக்கம்தான் மோசம், படிந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. வாய் மேல்நோக்கி வைத்த சேனலில் தண்ணீரும் தூசியும் தேங்கி அடி ஓட்டையானது. ஆறாம் ஆண்டில் சேனல்களை மாற்ற வேண்டியதாயிற்று. தூண்கள் மங்கிய சாம்பல் நிறத்தில் இன்றும் நன்றாக இருக்கின்றன, ஓர் இடம் தவிர. தூணின் அடியில் வரும் பேஸ் பிளேட்டில் அளவு தவறிய ஒன்றை மாடியிலேயே வெல்டு செய்து சில்வர் பெயிண்ட் அடித்தார்கள். அது வெறும் அலுமினிய நிறப் பெயிண்ட். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அங்கே கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, காய்ந்த பூச்சில் 90 சதவீதத்துக்கு மேல் துத்தநாகமுள்ள பெயிண்ட்டை மூன்று கோட்டாவது அடித்திருக்க வேண்டும்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முலாம் பூசிய சாதா போல்ட்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் துருப்பிடித்தது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 போல்ட் தேநீர்க் கறைபோல் பழுப்பேறியதே தவிர பிடிமானம் போகவில்லை. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 கடலோரத்துக்கு இன்னும் நல்லது. எஸ்.எஸ். நட்டை மெஷின் வைத்து வேகமாக முறுக்கினால் மரையோடு ஒட்டிக்கொண்டு பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவி, கை ஸ்பேனரால் முறுக்குங்கள்.

சி சேனலுக்குப் பதில் அலுமினிய ரயில் போடுவதானால் 6063-டி6 என்ற அலுமினியக் கலவை போதும். ஈரச் சிமெண்டில் படாமல் வையுங்கள், காரம் அதை அரிக்கும். எர்த்திங் செம்புக் கம்பியை அலுமினிய ஃபிரேமில் நேராக முடுக்கினால் தொட்ட இடம் குழியாகிவிடும்; வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் இணைப்பு) நடுவில் வேண்டும்.

அடித்தளத்துக்குத் தட்டோட்டைத் துளைக்காமல் 300 மி.மீ. கனசதுரக் கான்கிரீட் கட்டை வைக்கலாம். ஒன்று சுமார் 65 கிலோ. காற்று தூக்கும் விசைக்கு எத்தனை கட்டை என்பதைப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும்; சென்னைக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர். கட்டையின் தலை சரிவாக இருக்கட்டும், இல்லையென்றால் பேஸ் பிளேட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்.

கொட்டேஷனில் ‘ஃபேப்ரிகேஷன் முடிந்தபின் ஹாட் டிப், சராசரி 80 மைக்ரான்’ என்று எழுதி வாங்குங்கள். 6 மி.மீ.க்கு மேல் தடிமனான இரும்பில்தான் அந்த அளவு எளிதாக வரும். மெல்லிய சேனலுக்கு 80 கேட்டால் ஆள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சரக்கு இறங்கியதும், மாடிக்கு ஏற்றும் முன், பூச்சுத் தடிமன் அளக்கும் காந்தக் கருவியை ஒவ்வொரு துண்டிலும் ஐந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். பைப் தூணில் இரு முனையிலும் காற்றுத்துளை இல்லையென்றால் உள்ளே துத்தநாகம் போயிருக்காது, அதை இறக்கவே விடாதீர்கள்.