"ஏர்டைட்" என்று சொல்லி என் தலையில் கட்டிய துப்பாக்கிப் பீரோ

கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வால்பாறைக்காரர்களுக்கும் குடகுக்காரர்களுக்கும் பொருந்தும். துப்பாக்கியே இல்லாவிட்டாலும், இரும்புப் பெட்டிக்குள் கேமராவோ நிலப் பத்திரமோ பூட்டி வைத்திருப்பவர்கள் படிக்கலாம். துப்பாக்கியில் துரு ஏற வைத்த அந்தப் பீரோவை விற்ற கடை கோயம்புத்தூரில் இருக்கிறது. பெயரைக் கேட்காதீர்கள், வக்கீல் எழுத வேண்டாம் என்றிருக்கிறார்.

அப்பா விட்டுப்போன 12 போர் (குழலின் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கென்று வாங்கிய லைசென்ஸ். பன்றிக் கூட்டம் வரும் ராத்திரியில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான் அதற்கு வேலை. சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம். சமையலறைக்குப் பக்கத்து அறையில், அடுப்புச் சுவரை ஒட்டி ஒரு தேக்கு அலமாரி. அதற்குள்தான் நாற்பது வருஷம் இருந்தது. ஆடி மாதம் எங்கள் ஊரில் துணி காயாது, செருப்பில் பூசணம் பூக்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டும். அந்தத் துப்பாக்கியில் மட்டும் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

அப்பா போன பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மர அலமாரியின் பூட்டு ஒரு ஸ்க்ரூடிரைவருக்குத் தாங்காது. அதனால் இரும்புப் பீரோ வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

கடைக்காரர் பேச்சு தேன். "ரெண்டு தகடுங்க சார், நடுவுல நெருப்பு தாங்குற மெட்டீரியல். கதவைச் சுத்தி ரப்பர். மூலை முடுக்கெல்லாம் சிலிகான் அடிச்சுக் குடுக்கறோம். ஏர்டைட்டுங்க. காத்தே போகாதப்ப ஈரம் எப்படிங்க போகும்?" கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. கதவின் உள்பக்கம் வட்டமாக ஒரு ஈரப்பத மீட்டர் பதித்திருந்தார்கள். முள் 45 சதவீதத்தில் நின்றது. "45 இருந்தா மியூசியம் மாதிரிங்க சார்" என்றார். பீரோ 46,000 ரூபாய். ஈரம் உறிஞ்சும் டப்பா 4, அதற்குத் தனியாக 3,200. வருஷம் முழுக்க எதையும் தொட வேண்டாமாம்.

2024 பிப்ரவரி கடைசியில் வண்டியில் வந்து இறக்கினார்கள். ஸ்டோர் ரூமில் வெறும் சிமென்ட் தரை மேல் நிறுத்தி, தரையில் போல்ட் போட்டு, மூலைகளில் சிலிகான் இழுத்து, அன்று சாயங்காலமே கதவைச் சாத்திச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல். கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். அப்புறம் ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்து, மாதத்தின் நடுவில் துப்பாக்கி திரும்பி வரும்வரை பீரோ காலியாக, பூட்டியே கிடந்தது.

ஜூனில் திறந்தபோது குப்பென்று ஒரு புளித்த வாசம். வினிகர் மாதிரி. புதுப் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டரைப் பார்த்தேன், 45. திருப்தியாகத் துப்பாக்கியை ஒரு துடை துடைத்து உள்ளே நிறுத்திப் பூட்டினேன்.

ஜூலையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கோயம்புத்தூரில் தங்கையின் வீட்டில் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் இங்கே மழை விடவில்லை. ஆகஸ்டில் வந்து திறந்து பார்த்தேன்.

குழல் நெடுக ஆரஞ்சுப் புள்ளிகள், கேழ்வரகைத் தூவின மாதிரி. குழல் சாய்ந்திருந்த இடத்தில் ஸ்பாஞ்ச் மெத்தை ஒட்டியிருந்தது. அந்த அகலத்துக்கு ஒரு துருப் பட்டை. தோட்டாக்களின் பித்தளை அடியில் பச்சை. ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் ஒன்று சாய்ந்து, அதிலிருந்து வழிந்த தண்ணீரில் துப்பாக்கிக் கட்டையின் அடி ஊறிக்கொண்டிருந்தது. விசைக்கு மேலே உள்ள தகட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாகத் துருவிலேயே அச்சு. என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான். மீட்டர்? 45.

போன் செய்தேன். "மலை ஏரியாங்களா சார்? அங்க துரு புடிக்கத்தானுங்க செய்யும்" என்றார். ஏர்டைட் என்றீர்களே என்றால், "வாரம் ஒருக்கா தொறந்து காத்தோட்டம் குடுக்கோணுமுங்க" என்கிறார். வருஷம் முழுக்கத் தொட வேண்டாம் என்று சொன்ன அதே வாய். வாரன்டி பூட்டுக்கும் பெயின்டுக்கும் மட்டுமாம்.

பில்லை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. "ஸ்டீல் அலமாரி - 1, துணைப் பொருட்கள் - 4". நெருப்பு இல்லை, ஈரம் இல்லை, ஏர்டைட் இல்லை. அவர் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு. எழுதிக் கொடுத்தது ஒரு சாதா அலமாரி.

நல்லவேளை, துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் உள்ள ஒரு பெரியவரைத் தெரியும். லைசென்ஸ் புத்தகத்தோடு எடுத்துப் போனேன். குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, மொதத் தடவை தொறந்தப்ப புளிச்ச வாசம் வந்துச்சா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. குளியலறை ஓரங்களில் அடிக்கும் மலிவான சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், வினிகரில் இருக்கும் அதே சாமான். திறந்த இடத்தில் காற்றோடு போய்விடும். மூடிய பெட்டிக்குள் எங்கே போகும்? ஸ்பாஞ்சில் ஊறி அங்கேயே சுற்றும். இரும்பில் துரு, பித்தளையில் பச்சை, இரண்டுக்கும் அது ஒரு காரணம். இரும்புக்கு அடிக்க அமிலம் விடாத நியூட்ரல் சிலிகான் என்று தனியாக இருக்கிறது, விலை கொஞ்சம் கூட. எதை அடித்தாலும் கதவைத் திறந்துபோட்டு, வாசம் அடங்கும்வரை காயவிட வேண்டும். எனக்கு அடித்தது எது என்பதை அந்த வாசமே சொல்லிவிட்டது.

அடுத்து அந்த டப்பா. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. பனி பெய்யும் நாடுகளில் ரோட்டில் பனி உருகத் தூவுகிற உப்பு, அங்கே கார்களின் அடித்தகடு அரிப்பதற்கு இந்த மாதிரி உப்புகள்தான் காரணம். ஈரத்தை உறிஞ்சுவது உண்மை. உறிஞ்சி உறிஞ்சித் தானே கரைந்து உப்புத் தண்ணீராகிவிடும். துணி பீரோவில் தொங்கவிட்டால் பரவாயில்லை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைப்பது, கடல் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு உள்ளே வைப்பதுபோல. ஒருமுறை சாய்ந்தால் போதும். என் பீரோவில் சாய்ந்தது.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி உள்தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். "நெருப்பு தாங்குற மெட்டீரியல்" என்றது ஜிப்சம் பிளாஸ்டர். அதில் தப்பில்லை, ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் அதற்குள் கட்டுண்டிருக்கும் தண்ணீர்தான். தீப்பிடித்தால் அது ஆவியாகி உள்ளே சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தும். நல்ல சேஃப்களிலும் ஜிப்சம் பலகை உண்டு. ஆனால் எனக்குக் குழைத்து ஊற்றிய பிளாஸ்டர் காய்வதற்குள் தகட்டை மூடியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்தும் விரலால் அழுத்தினால் மாவு மாதிரி ஒட்டியது. ஸ்பாஞ்சின் பின்பக்கம் கறுப்பாகப் பூசணம். போதாததற்கு அடியில் சிமென்ட் தரை, மழைக்காலத்தில் கீழிருந்து ஓதம் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆக, ஈரம் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. உள்ளே வைத்து மூடிக் கொடுத்திருந்தார்கள், வெளியே போகாதபடி ரப்பரும் போட்டு. ஏர்டைட் என்று அவர் சொன்னது பொய்யில்லை பாருங்கள்!

இனி மீட்டர். இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் கவர் ஒன்றில் போட்டு மூடி, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்திலேயே நிறுத்தும். காலையில் மீட்டர் 75-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நான் புதிதாக வாங்கிய டிஜிட்டல் மீட்டர் 73 காட்டியது. பீரோவில் பதித்திருந்ததைக் கத்தியால் நெம்பி எடுத்துப் போட்டேன். 45. முகத்துக்கு நேராக வாயால் ஊதினேன். 45. அந்த டிஜிட்டலைப் பீரோவுக்குள் வைத்தால் 91! துரு 60-ஐத் தாண்டினாலே வேகம் பிடிக்கும் என்கிறார்கள். 91-இல் என் துப்பாக்கி ஐந்து வாரம் நின்றிருக்கிறது.

பெரியவர் எண்ணெயும் மெல்லிய எஃகுக் கம்பளியும் வைத்துப் பொறுமையாகத் தேய்த்துத் துருவை எடுத்தார். குழலின் கருநீலப் பூச்சு பல இடங்களில் போய்விட்டது. இடது குழலில் மூன்று இடத்தில் குழி, அது இனி போகாது. என் ரேகையும் மங்கலாக அங்கேயே இருக்கிறது. தொட்ட பிறகு துடைக்காமல் வைத்தது என் தப்பு. வேர்வையிலும் உப்புதானே. பக்கத்துத் தோட்டக்காரர் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னதாகச் சொன்னேன், பெரியவர் சிரித்துவிட்டார். நம் குளிரில் அது உறைந்து போகும், நாளானால் சிக்குப் பிடிக்கும். துப்பாக்கிக்கென்று உள்ள எண்ணெயை மெல்லிசாகப் பூசினால் போதும்.

எனக்கு உறைத்தது அவர் கடைசியில் கேட்டதுதான். "உங்கப்பா எங்க வச்சிருந்தாரு?" அடுப்புச் சுவர் பக்கம் என்றேன். "அதான் தம்பி ஹீட்டரு. இப்ப அதையே ராடுன்னு விக்கிறாங்க." வெளிநாட்டில் கன் சேஃப்களுக்குள் போடுவது அதைத்தான். பல்பு அளவுக்குக் கரண்ட் இழுக்கும் ஒரு சூட்டுக் குழாய், அடித்தளத்தில் படுக்க வைப்பார்கள். அது ஈரத்தை எடுப்பதில்லை. காற்றைக் கொஞ்சம் சூடாக்குகிறது. 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 24 டிகிரிக்குப் போனால், அதே தண்ணீர் அதில் இருந்தும், ஈரப்பதம் 62-க்குப் பக்கம் இறங்கிவிடும். அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அம்மா மூன்று வேளை சமைத்தாள். போதாததற்கு மர அலமாரியில் இடுக்கு இருந்தது, காற்று வந்து போனது.

இப்போது பீரோவை வீட்டின் உள்சுவர் ஒன்றை ஒட்டி மாற்றிவிட்டேன். அடியில் ரப்பர் பட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறேன், போல்ட் அதன் வழியாகவே இறங்குகிறது. பிளாஸ்டர், ஸ்பாஞ்ச், பழைய சிலிகான் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, வெயில் வந்த பிறகு ஒரு மாதம் திறந்தே போட்டிருந்தேன். நெருப்பு தாங்காது இனி, பரவாயில்லை. சூட்டு ராடு ஒன்று உள்ளே ஓடுகிறது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கரண்ட் நாள்கணக்கில் போகும் என்பதால், கூடவே ஒரு கிலோ சிலிக்கா ஜெல், துணிப்பையில். ஆரஞ்சு நிற மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஓடிஜி அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. அது தண்ணீராக வழியாது. டிஜிட்டல் மீட்டர் 50-க்கும் 55-க்கும் நடுவே நிற்கிறது. நிற்காமல் ஏறி இறங்குவதைப் பார்த்தால்தான் இப்போதெல்லாம் எனக்கு நிம்மதி. துப்பாக்கியை உறைக்குள் போட்டு உள்ளே வைப்பதில்லை. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைக்கிறேன்.

கடைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. டப்பா விலை 3,200-ஐ மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார், வாங்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், எனக்கு ஊட்டி. கடைக்காரர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்த்தேன், மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் அவர்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: "பில்லில் என்ன எழுதியிருக்கிறது?" நீங்கள் வாங்கும்போது தகட்டின் கனம், உள்ளே போடும் பொருள், அடிக்கும் சிலிகானின் வகை, ஈரம் பற்றிய உத்தரவாதம் எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

என் கையில் ஆதாரம் என்று உருப்படியாக இருப்பது அந்த மீட்டர் ஒன்றுதான். உப்போடு கவரில் கிடந்து 45 காட்டுவதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி கதவில் மீட்டர் பதித்த பீரோவை யாராவது வாங்கியிருந்தால், உப்புச் சோதனை செய்து மீட்டரின் படத்தை எனக்கு அனுப்புங்கள். மீட்டர் மட்டும் போதும். துப்பாக்கியோ, பீரோ நிற்கும் இடமோ படத்தில் தெரிய வேண்டாம்.