ஒரே லைன், மூன்று விஃப்: டைரக்ட் கனெக்டோடு நான்கு வருடம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் என் பொறுப்பு. ஈஆர்பி (கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்), தர ஆய்வுக் கேமராக்கள் எடுக்கும் படங்கள், இரவு பேக்கப் என்று எங்களுடையது எல்லாமே அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் (டேட்டா சென்டர் தொகுப்பில்) இருக்கிறது. முன்பு இன்டர்நெட் மேல் விபிஎன் போட்டு ஓட்டினோம். பேக்கப் ஓடும் நேரத்தில் ஈஆர்பி தவழும். இரவு ஷிப்டு ஸ்டோர்ஸ் ஆட்கள் என்னைத் தேடிவந்து திட்டுவார்கள். அதனால் இன்டர்நெட்டைத் தொடாமல் அமேசானுக்கு நேராகப் போகும் தனி லைனான டைரக்ட் கனெக்டுக்கு மாறினோம்.

லைன் வேகம், தாமதம் பற்றி எழுத அதிகம் இல்லை. எங்கள் லைன் அமேசானோடு சேரும் இணைப்பிடம் சென்னையிலேயே இருக்கிறது, மும்பைக்குப் போய்வர 20 முதல் 25 மில்லிசெகண்ட் ஆகிறது, அது ஆடுவதில்லை. அவ்வளவுதான். நான் எழுத நினைப்பது அந்த லைன் மேல் நாம் போடும் வர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் பற்றி. எங்கள் ஆட்கள் வாயில் அது விஃப். பணம் போவதும் தூக்கம் போவதும் அங்கேதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைபர் ஒன்றுதான். அதில் ஒவ்வொரு விஃப்பும் ஒரு தனி வழி: அதைப் பிரித்துக் காட்ட ஒரு விலான் எண், அதன் மேல் ஒரு பிஜிபி செஷன் (எந்த ஐபி எந்தப் பக்கம் என்று இரு முனை ரவுட்டர்களும் சொல்லிக்கொள்ளும் பேச்சு; அப்படி அறிவிக்கும் ஒவ்வொரு ஐபி வரிசையும் ஒரு ரூட்). பிரைவேட் விஃப் நம் விபிசிக்குள் (கிளவுடில் நமக்கென்று ஒதுக்கிய தனி நெட்வொர்க்) இருக்கும் தனி ஐபிகளுக்குப் போகும். பப்ளிக் விஃப், ஃபைல்கள் போட்டு வைக்கும் எஸ்3 மாதிரி அமேசானின் பொது ஐபி உள்ள சேவைகளுக்குப் போகும். டிரான்சிட் விஃப் டிரான்சிட் கேட்வே என்ற நடுச் சந்திப்பில் போய் நிற்கும், அங்கிருந்து எத்தனை விபிசிக்கு வேண்டுமானாலும் பிரியலாம்.

இதில் எது என்று யோசிப்பதற்கு முன்பே நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். முதலில் வாங்கியது ஹோஸ்டட் கனெக்‌ஷன். இடையில் இருக்கும் பார்ட்னர் தன் போர்ட்டிலிருந்து நமக்குக் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பது. 50 எம்பிபிஎஸ்ஸில் இருந்தே கிடைக்கும், கைக்கு அடக்கமான செலவு. 500 எம்பிபிஎஸ் எடுத்தோம், பிரைவேட் விஃப் போட்டோம், வேலை செய்தது. மூன்றாவது மாதம் பப்ளிக் விஃப் ஒன்று போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் ஹோஸ்டட் கனெக்‌ஷனுக்கு ஒரே ஒரு விஃப்தான் என்று படித்தேன். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நான்தான் விலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வரம்புகள் பக்கத்தைப் பார்க்கவில்லை. டெடிகேட்டட் போர்ட் (முழுதும் நமக்கே) என்றால் பிரைவேட், பப்ளிக் சேர்த்து 50 வரை போடலாம். 1 ஜி போர்ட்டின் வாடகை மணிக்கு 30 சென்ட், மாதம் சுமார் 219 டாலர். தொழிற்சாலையில் இருந்து இணைப்பிடம் வரை லைன் இழுக்கும் செலவு தனி. இரண்டு வகை போக்குவரத்து வரும் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலும் முதல் நாளே டெடிகேட்டட் எடுத்துவிடுங்கள். நாங்கள் அந்த வருடம் ஒப்பந்தம் முடியும்வரை இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினோம்.

பிரைவேட் விஃப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நேராக விபிசியின் கேட்வேயில் (வாசலில்) கட்டாமல் நடுவில் டைரக்ட் கனெக்ட் கேட்வே வைத்துவிட்டால் போதும். அது 2017இல் வந்தது, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஒரு ரீஜனுக்குள் அடைபட்டதும் இல்லை. 2022இல் ஹைதராபாத் ரீஜன் திறந்தபோது அங்கே ஒரு விபிசி போட்டு அதே விஃப்பில் சேர்த்தேன். ரவுட்டரில் ஒரு வரி மாற்றவில்லை. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: இந்த வழியில் ஒரு விபிசி இன்னொரு விபிசியோடு பேச முடியாது. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே, அவ்வளவே.

பப்ளிக் விஃப் கதை பெரியது. எங்கள் கிளவுட் டீம் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, எஸ்3க்கு விபிசியிலேயே கேட்வே எண்ட்பாயிண்ட் இருக்கு, ஃப்ரீ. பிரைவேட் விஃப்லயே பேக்கப் போயிடும்" என்றார். போகாது. அந்தக் கேட்வே எண்ட்பாயிண்ட் (எஸ்3க்குப் போகும் உள்வாசல்) விபிசிக்குள் இருக்கும் இயந்திரங்களுக்கு மட்டும்தான். வெளியே தொழிற்சாலையில் இருந்து வரும் பாக்கெட்டுக்கு அது இல்லாத மாதிரி. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் என்று இன்னொன்று இருக்கிறது, எஸ்3க்கு 2021இல் வந்தது. அதற்குப் பிரைவேட் விஃப் வழியாகப் போகலாம், ஆனால் ஜிபிக்கு ஒரு சென்ட். எங்கள் பேக்கப் மாதம் 40 டிபி. 400 டாலர் ஆச்சு. பப்ளிக் விஃப் வழியாக எஸ்3க்கு உள்ளே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. கணக்கைப் பார்த்ததும் அக்கவுண்ட்ஸ் சார், "அப்புறம் என்ன, அதையே போடு" என்று சொல்லிவிட்டார்.

போட்டேன். நமக்குச் சொந்தமான பொது ஐபி வேண்டும். எங்களுடையது லைன் கொடுத்த கம்பெனியின் பெயரில் இருந்தது. அதை நாங்கள் பயன்படுத்தலாம் என்று அவர்கள் ஒரு கடிதம் தர இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். அதுவரை விஃப்பின் நிலை 'வெரிஃபையிங்' என்றே நின்றது. பெயர் சொல்ல வேண்டாம், இன்னும் அவர்கள் லைன்தான் ஓடுகிறது.

செஷன் எழும்பிய மறுநாள் காலை கேண்டீன் டோக்கன் ஆப் திறக்கவில்லை. அடுத்து டிராவல் டிக்கெட் எடுக்கும் தளம். பிறகு ஹெச்ஆர் போர்ட்டல். என் பக்கம் எல்லாம் பச்சையாக இருந்தது. பத்து மணிக்கு மேல்தான் உறைத்தது. பப்ளிக் விஃப்பில் அமேசான் தன் பொது ஐபி வரிசைகள் அத்தனையையும் நமக்கு அறிவிக்கும், உலகம் முழுக்க உள்ள ரீஜன்கள் உட்பட (சீனா மட்டும் விலக்கு). அந்த மூன்று தளங்களும் அமேசான் மேல் ஓடுபவை. என் ரவுட்டர் அந்தப் போக்குவரத்தை இன்டர்நெட் லைனில் அனுப்பாமல் டைரக்ட் கனெக்டில் தள்ளியிருக்கிறது. ஆபீஸ் ஆட்களின் பாக்கெட்டுகள் கிளம்பும் ஐபியை நான் அந்த விஃப்பில் அறிவிக்கவே இல்லை. அறிவிக்காத ஐபியிலிருந்து வருவதை மறுமுனை சரிபார்த்துத் தூக்கிப் போட்டுவிடும். அது சரியான நடத்தைதான். வடிகட்டி போடாதது என் தவறு. கேண்டீனில் அன்று பழையபடி சீட்டு எழுதிச் சாப்பாடு போட்டார்கள்.

வடிகட்டுவது சுலபம், தெரிந்திருந்தால். வரும் ரூட்டுகளில் 7224:8100 என்ற கம்யூனிட்டி (ரூட்டோடு வரும் அடையாள எண்) ஒட்டியிருந்தால் அது இணைப்பிடம் சேர்ந்த ரீஜனுடையது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை மறுத்துவிடலாம். நாங்கள் இன்னும் இறுக்கி, எஸ்3 வரிசைகளை மட்டும் விட்டிருக்கிறோம். நம் ஐபி எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதற்கு 7224:9100 ஒட்டி அனுப்பினால் அதே ரீஜனோடு நிற்கும். இதையும் செய்யுங்கள், ஏனென்றால் அந்த விஃப் வழியாக அமேசானில் மெஷின் வைத்திருக்கும் யாரும் நம் ஐபியைத் தொட முடியும். தனியார் லைன்தானே என்று ஃபயர்வால் இல்லாமல் விட்டால் வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி.

டிரான்சிட் விஃப்பை விற்பவர்கள் நிறைய. விபிசி எண்ணிக்கை பத்தைத் தாண்டி, அவை ஒன்றோடொன்று பேசவும் வேண்டும் என்றால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எங்களுக்குக் குழும நிறுவனங்கள் சேர்ந்தபோது போட்டோம். முதல் முட்டுக்கட்டை அரைமணி நேரத்தில்: டிரான்சிட் கேட்வேயின் ஏஎஸ்என் (பிஜிபியில் ஒவ்வொரு தரப்புக்கும் உள்ள அடையாள எண்) 64512, டைரக்ட் கனெக்ட் கேட்வேயின் ஏஎஸ்என்னும் 64512. இரண்டுக்கும் இயல்பாக வருவது அந்த எண்தான், இரண்டும் ஒன்றாக இருந்தால் இணைக்க விடாது. எண்ணை மாற்றி மறுபடி உருவாக்கினேன். பிரைவேட் விஃப்புக்கு வைத்திருந்த கேட்வேயிலேயே டிரான்சிட் கேட்வேயையும் கோர்க்கலாம் என்று நினைத்திருந்தேன், அதுவும் நடக்காது, தனியாக இன்னொன்று வேண்டும்.

எனக்குப் பிடிக்காத இடம் அனுமதித்த முன்னொட்டுகள் (ஐபி வரிசைகள்) என்று ஒரு பட்டியல். பிரைவேட் விஃப் பக்கம் அது வெறும் வடிகட்டி. விபிசி ரூட் இருந்தால்தான் நமக்கு வரும். டிரான்சிட் பக்கம் நாம் எழுதியது எழுதியபடியே அறிவிக்கப்படும், பின்னால் விபிசி இருக்கிறதோ இல்லையோ. ஒரே பெட்டி, ஒரே பெயர், இரண்டு குணம். எம்டியூவும் (ஒரே பாக்கெட்டில் போகும் உச்ச அளவு) வேறு: பிரைவேட்டிலும் டிரான்சிட்டிலும் பெரிய ஃபிரேம் வைக்கலாம், பப்ளிக்கில் 1500 மட்டும். பெரிய ஃபிரேமுக்கு மாற்றும்போது அந்த லைனில் உள்ள எல்லா விஃப்பும் 30 வினாடி வரை விழலாம். ஷிப்டு மாறும் நேரத்தில் கை வைக்காதீர்கள்.

செலவுதான் கடைசி அடி. டிரான்சிட் கேட்வே, லைனில் இருந்து உள்ளே வரும் டேட்டாவுக்கும் காசு கேட்கும். அமெரிக்க ரீஜன் விலையில் ஜிபிக்கு 2 சென்ட், அதோடு ஒவ்வொரு இணைப்புக்கும் மணிக்கு 5 சென்ட். டைரக்ட் கனெக்டில் உள்ளே வருவது இலவசம் என்று பழகியவர்களுக்கு இது தெரியாமல் ஏறும். அதனால் எங்கள் கேமரா படங்கள் போகும் கனமான விபிசியைப் பிரைவேட் விஃப்பிலேயே வைத்துவிட்டேன். சின்னச் சின்ன விபிசிகள் டிரான்சிட்டில். ஒரு லைனில் மூன்று வகையும் ஓடுவது பார்க்க அழகாக இருக்காது. பில் அழகாக இருக்கிறது.

குழும நிறுவனங்கள் சேர்ந்த அந்த வாரம்தான் மிக மோசமான இரவும் வந்தது. பிரைவேட், டிரான்சிட் இரண்டிலும் நாம் அறிவிக்கக்கூடிய ரூட் 100தான் (ஐபிவி6க்குத் தனியாக 100). அதற்கு மேல் ஒன்று போனாலும் அந்த ஒன்றை மட்டும் மறுக்காது, செஷனே விழும். புதுக் கிளைகளின் ரூட்டுகளை நான் சுருக்காமல் அப்படியே பிஜிபிக்குள் விட்டேன். இரவு 11:40க்கு 100ஐத் தாண்டியது. காப்புக்கு இன்னொரு லைனும் வைத்திருந்தோம்; இரண்டும் ஒரே ரூட்டுகளை அறிவிப்பதால் சேர்ந்தே விழுந்தன. சென்னையில் ஒன்று, மும்பையில் ஒன்று என்று தனித்தனி இணைப்பிடம் வைத்து என்ன பயன்? ஃபைபர் வெட்டுக்கு மட்டுமே அது காவல். வீட்டில் இருந்து போன் வழியாக ஐந்து பெரிய வரிசைகளாகச் சுருக்கி எழுப்பினேன். 100 என்பது எனக்குக் குறைவாகவே படுகிறது. மைக்ரோசாஃப்ட் தரும் இதே மாதிரித் தனி லைனான எக்ஸ்பிரஸ்ரூட்டில் இதே இடத்தில் 4000 வரை அனுமதி, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் இரட்டை இணைப்பும் கூடவே வரும்.

மற்றபடி பிஎஃப்டியை (லைன் உயிரோடு இருக்கிறதா என்று விடாமல் தட்டிப் பார்க்கும் முறை) நம் ரவுட்டரில் போட மறக்காதீர்கள். அவர்கள் பக்கம் தானாகவே தயாராக இருக்கும். இல்லையென்றால் லைன் செத்தது தெரிய 90 வினாடி ஆகும், போட்டால் ஒரு வினாடிக்குள். செஷனை வேண்டுமென்றே இறக்கிப் பார்க்கும் சோதனை வசதி கன்சோலிலேயே இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்தது, மாதம் ஒரு ஞாயிறு ஓட்டுகிறோம். லைன் தனி என்றாலும் டேட்டா மறைகுறியாக்கப்பட்டு வருவதில்லை என்பதை ஆடிட்டர் கேட்பதற்கு முன் நீங்களே தெரிந்து வைத்திருங்கள்.

இப்போது எங்கள் ரூட் எண்ணிக்கை 31. 80ஐத் தொட்டால் என் போன் அலறும்.