கடைக்கு நேரில் போவதா, வக்கீல் நோட்டீஸா?

நான் வரைந்த நெல்லையப்பர் கோயில் தேர், டவுனில் ஒரு கடையின் அல்வா டப்பா மேல் இருந்தது. மூலையில் இருந்த என் கையெழுத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். வயிறு எரிந்தது. பில்லோடு ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டுத்தான் பேச்சையே எடுத்தேன்.

"அண்ணாச்சி, இது என் படம்லா."

"நெட்டுல கெடந்துச்சுன்னு பிரஸ்காரன் போட்டுட்டான் தம்பி."

மூலப் படத்தைக் காட்டினேன். பத்து நாளில், நான் கேட்டதில் பாதிப் பணம் வந்தது. நேரில் போனால் செலவில்லை, உறவும் கெடாது. ஆனால் இனி போடமாட்டோம் என்று எழுதி வாங்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் அதே டப்பாதான். நான் வாங்கவில்லை, அது தப்பு.

நோட்டீஸுக்குப் பலம் அதிகம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக வரைந்த படத்தின் உரிமை வரைந்ததுமே நமக்கு வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. எதிராளி சென்னைக்காரராக இருந்தாலும் 62ஆம் பிரிவின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலிக்காரர் என்றால் பாளையங்கோட்டை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். தெரிந்தே எடுத்தால் 63ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் உண்டு.

உள்ளூர்க் கடை என்றால் நேரில் போங்கள். வெளியூர்க் கம்பெனி டீ-ஷர்ட்டில் அடித்து விற்றால் யோசிக்காமல் நோட்டீஸ்.